இடக்கையால் செய்த கலியாணக் காட்

“உந்தக் கையாலையோ பிள்ளை என்ரை மோன்ரை கலியாணத்தைச் செய்யிறாய்?”

பூமணி அக்கா இப்படிக் கேட்டபோது நான் பிள்ளையாரை இழுத்துக்கொண்டிருந்தேன். கொம்பியூட்டர் திரையில்தான். கலியாணக் காட்டின், அதாவது அழைப்பிதழின், உச்சியில் அவர் நடுவாக இருக்க வேண்டும். மவுஸ் என் இடக்கையில் இருந்தது. கேள்வி வந்த வேகத்தில் கை நழுவி, பிள்ளையார் போய் மணமகளின் தகப்பனுடைய பெயருக்கு மேல் குந்திக்கொண்டார்.

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. கோயிலில் திருநீறு வாங்க இடக்கையை நீட்டினால் ஐயர் ஒரு பார்வை பார்ப்பாரே, அந்தப் பார்வை. சத்தம் போடாமல் மவுஸை வலக்கைக்கு மாற்றினேன். மணிக்கட்டில் இருந்து தோள்மூட்டு வரைக்கும் வலி சுள்ளென்று ஏறியது.

போன வாரம் இந்தப் பத்தியில், கடையில் கரண்ட் இல்லாத நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வாசகத் தங்கச்சி ஒருத்தி தொலைபேசி எடுத்தாள். கந்தோரில் நாள் முழுக்க மவுஸ் பிடித்துப் பிடித்துத் தன் கை மரத்துப்போகிறதாம். கடையைப் பற்றி இவ்வளவு எழுதும் நான் கையைப் பற்றி ஏன் ஒரு வரியும் எழுதவில்லை என்று குறைப்பட்டாள். எழுதாததற்குக் காரணம் உண்டு. என் கையின் கதையைச் சொன்னால் தில்லையரின் கதையையும் சொல்ல வேண்டும். சரி, இனி என்ன, சொல்லிவிடுகிறேன்.

சவுக்காரக் கட்டி அளவு சாமான்

என் கடை உடுப்பிட்டியில், தெருவைப் பார்த்த ஒற்றை அறை. கலியாணக் காட், கோயில் திருவிழா நோட்டீஸ், ரியூசன் விளம்பரம், செத்தவீட்டுக் கல்வெட்டு எல்லாம் நான்தான் கொம்பியூட்டரில் வடிவமைத்து அச்சுக்கு அனுப்புவேன். உதவிக்கு ஆள் இல்லை. கடை என்றால் நான், நான் என்றால் என் வலக்கை.

அந்தக் கை ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே போட்டது. பிறகு தலை பின்ன மாட்டேன் என்றது. பிறகு பெருவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் காலையில் என்னோடு எழும்ப மறுத்தன. நான் எழும்பி முகம் கழுவி வந்த பிறகுதான் அவை எழும்பும்.

என் மனிசன் தோட்டக்காரர். அவருக்கு இது விளங்கவே இல்லை. “மண்வெட்டி பிடிக்கிற எனக்கு ஒண்டுமில்லை. சவுக்காரக் கட்டி அளவு சாமானைத் தள்ளுற உனக்கு என்ன நோ?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் தெரியாததால் அன்றைக்குச் சமைக்காமல் படுத்தேன்.

பக்கத்துக் கடைக்காரி நாவூறு என்றாள். மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டுப் பார்த்தோம். நல்லாய் வெடித்தது, ஆனால் கை நோ அப்படியே இருந்தது. நாட்டு வைத்தியம் செய்யும் பரியாரி ஒருவர் எண்ணெய் போட்டு உருவிக் கட்டினார். எண்ணெய் அருமையான எண்ணெய். அடுத்த நாள் மவுஸ் கையில் நிற்காமல் விலாங்கு மீனாக வழுக்கி ஓட, அதைப் பிடிக்க நான் இன்னும் இறுக்க, மத்தியானத்துக்குள் நோ முழங்கையையும் தாண்டியது.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் விரல்களைத் தட்டிப் பார்த்தார். மணிக்கட்டுக்குள் நரம்பு நெரிபடுகிறதாம். இந்தக் கைக்கு இப்போது ஓய்வு கொடுக்காவிட்டால் மணிக்கட்டை வெட்டித் திறந்துதான் பார்க்க வேண்டும், வெட்டினாலும் பழைய கை திரும்பும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். நான் பஸ்சில் வரும்போது அழுதேன். கை போனால் கடை போகும். கடை போனால் நான் யார் என்று எனக்கே தெரியாது.

பணிஸ் வைத்தியம்

கைக்குப் பயிற்சி சொல்லித்தர ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளை இருந்தாள். மட்டக்களப்புப் பக்கம். மவுஸை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று காட்டச் சொன்னாள். அங்கே மவுஸ் இல்லை. தன் பத்துமணிச் சாப்பாட்டுப் பணிசை, அந்த மெத்தென்ற உருண்டைப் பாணை, எடுத்து என் கையில் தந்தாள். நான் வழக்கம்போலப் பிடித்துக் காட்டினேன். பணிசுக்குள் இருந்த சீனிச் சம்பல் விரல் இடுக்கெல்லாம் வெளியே வந்தது.

அவள் ஒரு துணியால் என் விரல்களைத் துடைத்துவிட்டாள். பிறகு ஆறுதலாகச் சொல்லித் தந்தாள். மவுஸை இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லையாம், கையை மேலே சும்மா வைத்தால் போதுமாம். மணிக்கட்டை வளைத்து ஆட்டாமல் முழங்கையில் இருந்து முழுக் கையையும் நகர்த்த வேண்டுமாம். இடைக்கிடை எழும்பி விரலை விரிக்க வேண்டுமாம்.

பிறகு என் கடை மேசையின் படத்தைத் தொலைபேசியில் பார்த்தாள். விசைப்பலகைக்கும் மவுசுக்கும் நடுவே பஞ்சாங்கம், சுடுதண்ணிப் போத்தல், பிள்ளையார், ஒரு பெட்டி ரசீதுகள். நான் இருந்தது வல்வெட்டித்துறை என்றால் மவுஸ் இருந்தது உடுப்பிட்டி, நடுவில் ஒரு பஸ் விடலாம். அதைக் கிட்டக் கொண்டுவாருங்கள் என்றாள். மேசை உயரம், கதிரை தாழ்வு, அதனால்தான் தோளைத் தூக்கிக்கொண்டு வேலை செய்கிறீர்கள், கதிரையை உயர்த்துங்கள் என்றாள். எல்லாவற்றுக்கும் மேலாக, வலக்கைக்குக் கொஞ்ச நாள் விடுமுறை கொடுத்து இடக்கையைப் பழக்கச் சொன்னாள்.

பணிசுக்குக் காசு கொடுக்கப் போனேன். வேண்டாம் என்றுவிட்டாள்.

இடக்கை பழகிய கதை தனிக் கோதாரி. முதல் கிழமை அம்புக்குறி கள்ளுக் கொட்டிலில் இருந்து வீட்டுக்குப் போகும் ஆளாகத் திரை முழுக்க அலைந்தது. படமொன்றில் ஒரு ஆசிரியரின் மூக்குக்கண்ணாடியை நேராக்கப் போய் அதை அவர் சம்சாரத்துக்குப் போட்டுவிட்டேன். ஆனால் இடக்கைக்குக் கோபம் கிடையாது. பொறுமையாகப் பழகியது.

மவுசுக்கு ஒரு சந்தனப் பொட்டு

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மவுசுக்கு நான் மரியாதை குறைவாக நடந்தவள் இல்லை. நான் கொம்பியூட்டர் படித்த காலத்தில் மவுசின் வயிற்றுக்குள் ஒரு உருண்டை இருக்கும். வகுப்புக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவோம். மவுஸை ஒரு பூப்போட்ட துவாயால் மூடி வைத்திருப்பார்கள். ஒருத்திக்கு ஒரு தரம்தான் தொடக் கிடைக்கும். தொட்ட கையை வீட்டில் வந்து அம்மாவுக்குக் காட்டியிருக்கிறேன்.

கடை போட்ட முதல் வருடம், நவராத்திரி கடைசி நாள் பூசைக்கு மவுசுக்கும் பொட்டு வைத்தேன். மேலே வைத்தால் கையில் ஒட்டும் என்று யோசித்துக் கீழே வைத்தேன், அந்தச் சிவப்பு வெளிச்சம் வரும் இடத்தில், நல்ல கட்டிச் சந்தனமாக. திருத்த வந்தவர் ஊசியால் கிண்டி எடுத்துவிட்டு, இதற்குக் கண் திறந்திருக்க வேண்டும் அக்கா என்றார்.

சரி, கதிரைக்கு வருகிறேன்.

கதிரையில் ஒரு மனிதர்

எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்காக: ஒருவர் காலமாகி முப்பத்தோராம் நாள், கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை முடித்து வீட்டில் சாப்பாடு கொடுக்கும்போது, வருகிறவர்களின் கையில் ஒரு புத்தகமும் கொடுப்போம். அதற்குப் பெயர்தான் கல்வெட்டு. முன்னுக்குக் காலமானவரின் படம். உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல். இருந்த காலத்தில் முகம் பார்த்துக் கதையாத மருமக்களும் அதில் விருத்தப்பாவில் அழுவார்கள். அந்த அழுகையை எழுதுவது பெரும்பாலும் நான்.

எப்போதும் தேவைக்கு மேல் அடிப்பார்கள். மிச்சத்தைப் பிறகு வந்து எடுப்பதாகச் சொல்லிப் போவார்கள். ஒருவரும் வந்ததில்லை. எரிக்கவும் ஏலாது, உள்ளே தேவாரம் இருக்கிறது. கடலை சுற்றக் கொடுக்கவும் ஏலாது. எங்கேயோ ஒரு திருவிழாவில் ஒரு மருமகள் தன் மாமியாரின் முகத்தில் சுற்றிய கடலையை வாங்கிச் சந்தோசமாகச் சாப்பிட்டதாகக் கதை உண்டு. ஆகவே என் கடையில் ஒரு அலுமாரி நிறையக் காலமானவர்கள் இருக்கிறார்கள்.

கதிரையை உயர்த்த முதலில் தலையணை போட்டேன். அது அமிழ்ந்தது. பலகை போட்டேன். நோ கையை விட்டு வேறு இடத்துக்கு இடம்பெயர்ந்தது. கடைசியில் அலுமாரியைத் திறந்தேன். கையில் முதலில் வந்தவர் ஒரு பாடசாலை அதிபர். மெல்லிய புத்தகம், காணாது. அடுத்தவர் வழுவழுப்பான தாள், வழுக்கியது. மூன்றாவது தில்லையர்.

வல்வெட்டித்துறைத் தில்லையம்பலம். கப்பலில் போன மனிதர். உலகம் முழுக்கச் சொந்தக்காரர். ஆளுக்கு ஒரு பக்கம் அனுதாபம் எழுதி அனுப்பியதால் அவருடைய கல்வெட்டு நல்ல தடிப்பு. அட்டையும் கெட்டி. இரண்டு கட்டுப் புத்தகங்களை அடுக்கி மேலே ஒரு சீலையை மடித்துப் போட்டு இருந்து பார்த்தேன். முழங்கை உடம்போடு ஒட்டி மேசை மட்டத்துக்கு வந்தது. தோள் இறங்கியது. மணிக்கட்டு நேராக நின்றது. கால் அந்தரத்தில் தொங்கியதற்குப் பலகைக்கட்டை ஒன்றை வைத்தேன். தில்லையர் அச்சொட்டாக அளவாக இருந்தார்.

படம் கீழே பார்க்கத்தான் வைத்தேன். அவர் முகத்துக்கு மேல் இருக்கக் கூடாது அல்லவா? எனக்கும் மரியாதை தெரியும். “குறை நினையாதேங்கோ அண்ணை” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினேன். அந்தக் கிழமைதான் நோ இல்லாமல் நித்திரை கொண்டேன்.

அடுத்த கிழமை பூமணி அக்கா கடை வாசலில் ஓட்டோவில் வந்து இறங்கினார். தில்லையரின் சம்சாரம்.

எழும்ப முடியாத நான்

ஆண்டுத்திவசம் முடியட்டும் என்று ஒத்திவைத்திருந்த கலியாணம். மகன் ரூபன் கனடாவில் இருந்து வருகிறான். தகப்பனின் கல்வெட்டைச் செய்த கடையிலேயே மகனின் காட்டையும் செய்ய வேண்டும் என்று அக்கா தேடி வந்திருக்கிறார். வேறு யாராவது என்றால் எழும்பிப் போய்க் கையைப் பிடித்திருப்பேன். நான் எழும்பவில்லை. எழும்பினால் சீலை விலகும். கதிரையில் ஒட்டிக்கொண்டு, முழங்கால் வாதம் என்று ஒரு பொய் சொன்னேன்.

அன்றைக்குத்தான் அந்த இடக்கைக் கேள்வி வந்தது. நான் டொக்டர் சொன்னதை எல்லாம் எடுத்துச் சொன்னேன். அக்கா கவனமாகக் கேட்டார். செத்தவீட்டு வேலைக்கு இடக்கை பரவாயில்லை, நல்ல காரியத்துக்கு அது கூடாது என்று முடிவாகச் சொல்லிவிட்டார். தான் பக்கத்தில் இருந்து பார்ப்பதாகவும் சொன்னார்.

பார்த்தார். நாள் தவறாமல் வந்து பார்த்தார். தில்லையரின் தம்பி இலண்டனில் இருந்து தொலைபேசி எடுப்பார். தன் பெயர் சிறிதாக இருக்கிறது என்பார். அதைப் பெருப்பித்தால் மணமகளின் மாமனுக்குக் கோபம் வரும். ‘காலஞ்சென்ற’ என்ற சொல் கண்ணில் குத்துகிறது என்பார்கள். சிறிதாக்கினால் தில்லையர் உயிரோடு இருக்கிற மாதிரித் தெரிகிறது என்பார்கள். ஆளோ என் சீலைக்கு அடியில்.

ஒவ்வொரு மாற்றத்தையும் அக்காவின் கண் முன்னால் வலக்கையால் செய்தேன். விரல்கள் பழையபடி மரக்கத் தொடங்கின. பிறகு காலையில் மட்டுமல்ல, மத்தியானமும் அவை திரும்பி வரவில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்த ஒரு காட்டோடு கை போய்விடும் என்று நினைத்தேன். வேறு கடைக்குப் போங்கோ என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. கீழே இருந்த மனிதரை நினைத்துப் பேசாமல் இருந்தேன்.

மவுஸ் விழுந்தது

அடுத்த நாள் காட் அச்சுக்குப் போக வேண்டும். முதல் காட்டைப் பிள்ளையார் கோயிலில் வைக்க நாள் பார்த்தாயிற்று. எல்லாரும் ஒருவழியாக ஓம் என்று சம்மதித்து, பெயர்கள் எல்லாம் தங்கள் தங்கள் இடத்தில் அடங்கியிருந்தன. பிள்ளையாரைக் கொஞ்சம் மேலே இழுத்து நடுவாக வைத்தால் வேலை முடிந்தது.

வலக்கையை மவுஸின் மேல் வைத்தேன். கை கேட்கவில்லை. விரல்கள் யாரோ ஒருத்தியின் விரல்களாகக் கிடந்தன. வீம்புக்கு இழுத்தேன். மவுஸ் மேசையில் இருந்து வழுக்கி விழுந்து வயரில் தொங்கியது.

எடுத்துத் தரலாம் என்று பூமணி அக்கா குனிந்தார்.

என் கதிரை பழைய மரக் கதிரை. இருக்கும் இடம் பலகை அல்ல, இடைவெளி விட்டு அடித்த சட்டங்கள். மரியாதைக்காகக் கீழே பார்க்க வைத்த தில்லையர், அந்தச் சட்டங்களுக்கு நடுவால், மூக்குக்கண்ணாடியும் முறுக்கு மீசையுமாக அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா நிமிரவில்லை. வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார்.

“இவர் இஞ்சை என்ன செய்யிறார்?” என்று கீழே இருந்தபடியே கேட்டார்.

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். அலுமாரி, தலையணை, பலகை, அதிபர், அட்டையின் தடிப்பு. முழங்கை மேசை மட்டத்துக்கு வர வேண்டும் என்பதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது இன்னும் மோசமாகத்தான் கேட்டது. எழும்பித் தில்லையரை வெளியே எடுக்கப் போனேன். அக்கா நிமிர்ந்து என் தோளைப் பிடித்து அமத்தினார்.

“உயிரோடை இருக்கேக்கை ஒரு வாளி தண்ணி தூக்கித் தராத மனிசன். இப்பவாவது ஒருத்தரைத் தாங்கட்டும். நீ எழும்பாதை.”

நான் அப்படியே இருந்தேன். தொங்கிய மவுஸை எடுத்து மேசையில் வைத்து, மெதுவாக இடக்கையால் பிடித்தேன். அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கணவருக்கு மேல் இருக்கலாம், இடக்கை மட்டும் கூடாது. எனக்குச் சினம் வந்தது. என் வலக்கை ஏலாது, இடக்கை ஆகாது, உங்கள் வலக்கை மடியில் சும்மாதானே கிடக்கிறது, நீங்களே இழுத்து வையுங்கோ என்றேன்.

பூமணி அக்கா கையைச் சட்டென்று சீலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார்.

“என்ரை கை படக்கூடாது பிள்ளை.”

அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்லச் சொன்னார். தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்குக்குத் தில்லையரின் தம்பியும் சம்சாரமும் முன்னுக்கு நிற்பார்களாம். மாப்பிள்ளையின் தலையில் பால் அறுகு வைக்கிறதும் அவர்கள்தானாம். தாலி கட்டும் நேரம் அக்கா மண்டபத்தில் பின்னுக்கு இருந்தால் நல்லதாம். ஒருவரும் சண்டை பிடித்துச் சொல்லவில்லை. தொலைபேசியில் பண்பாக, “உங்களுக்குத் தெரியும்தானே அண்ணி” என்று சொன்னார்களாம். நாளைக்கு அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு சின்னக் குறை வந்தாலும் தன் தலையில்தான் விடியும், அதனால்தான் காட்டில்கூட ஒரு குற்றம் இருக்கக் கூடாது என்று இந்தப் பாடு பட்டாராம்.

இவ்வளவு நாளும் நான் இந்த மனிசியை மனதுக்குள் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபம்தான் முந்தியது.

“அக்கா, நான் உங்கடை மனிசனுக்கு மேலை இருந்துகொண்டு உங்கடை மோன்ரை கலியாணக் காட் செய்யிறன். இதுக்குப் பிறகும் உலகத்திலை என்ன கூடாது மிஞ்சிக் கிடக்கு?”

அக்கா என்னைப் பார்த்தார். கதிரையைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். தெருவில் போனவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார், துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. அவருடைய கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டேன். அவர் கையைச் சீலைக்குள் இருந்து எடுத்து மவுஸின் மேல் வைத்தேன்.

பாம்பின் கழுத்தைப் பிடிக்கிற பிடி பிடித்தார். விரல் நுனிகள் வெளுத்துப்போயின. இறுக்காதேங்கோ அக்கா, அது ஓடாது, கையை மேலே சும்மா வைத்தால் போதும், மணிக்கட்டை மடியாமல் முழுக் கையையும் அசையுங்கோ என்று சொல்லிக் கொடுத்தேன். பிள்ளையார் புறப்பட்டார். தாலி கட்டும் நேரத்துக்கு மேலால் போனார், இலண்டன் தம்பியின் பெயரில் ஒருதரம் ஏறி இறங்கினார், கடைசியில் உச்சிக்கு வந்து சேர்ந்தார். கொஞ்சம் இடப்பக்கமாகத்தான் நின்றார். நான் அதைத் தொடவில்லை.

அடுத்தமுறை பார்த்தபோது டொக்டர் என் மணிக்கட்டை வெட்டித் திறக்கத் தேவையில்லை என்றார். அது பிந்திய கதை.

அன்றைக்கு வேலை முடிந்துவிட்டது. ஆனால் பூமணி அக்கா மவுஸை விடவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு, “வேறை ஏதும் கிடக்கோ பிள்ளை?” என்று கேட்டார்.

ஒன்றும் கிடக்கவில்லை. பிள்ளையாரைத் தவிர எல்லாம் நேராகத்தான் இருந்தன. நான் அவருக்குத் தெரியாமல் இடக்கையால் விசைப்பலகையில் இரண்டு தட்டுத் தட்டி, ரூபனின் பெயரை ஒரு பக்கமாக விலக்கிவிட்டேன்.

“மோன்ரை பேர் விலகிக் கிடக்கு அக்கா. நீங்களே இழுத்து வையுங்கோ,” என்றேன்.

அக்கா கையைத் தளர்த்திக்கொண்டு மகனின் பெயரைப் பிடித்தார்.